முன்ஹோலில் ஓடிய கம்பைலர்

யானையின் உடம்பும் கொசுவின் ஞாபகசக்தியும் கொண்ட ஒரு கிழட்டுக் கணினிக்கு, தன்னைத் தானே பெற்றெடுக்கும் வித்தையை நான் கற்றுக்கொடுத்தேன். அன்று அது விட்ட சூட்டில் காத்தான்குடிக் கடற்கரையில் பச்சை மீனெல்லாம் மத்தியானத்துக்குள் கருவாடாகிவிட்டது. நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். முதல் ஆள் அசனார்.

அசனாரும் நானும் கொழும்புக் கந்தோர் ஒன்றில் கணினிப் பகுதியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். கந்தோர் கழித்துவிட்ட அலுமாரி அளவு மினி கணினியை ஏலத்தில் எடுத்து, லொறியேற்றி வந்து, தன் வீட்டு முன்ஹோலில் நிறுத்தியவர் அவர். ஓய்வுபெற்ற எனக்கோ ஓர் ஆசை பிடித்தது. இலவசமாகக் கிடைக்கும் சீ மொழிக் கம்பைலர் ஒன்றை அதில் ஓடவைக்க வேண்டும். நாம் எழுதும் நிரலை இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றுவதே கம்பைலரின் தொழில். இந்தக் காலத்துக் கம்பைலரை அந்த நினைவகத்துக்குள் திணிப்பது, ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் சோற்றைத் தேத்தண்ணிக் கோப்பையில் பரிமாறுவது மாதிரி. துண்டு துண்டாக வெட்டினேன். ஒன்று வேலை முடித்து வெளியேற, அடுத்தது உள்ளே வரும்.

அதற்குள் அசனாரின் மகள் சஹ்லாவுக்குக் கலியாணம் பேசி முற்றாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் கலியாணத்தோடு வீடு பெண்ணுக்குப் போய்விடும். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, அந்த இரும்பலுமாரி போகட்டும் என்றார்கள். பழைய இரும்பு வாங்கும் முனாஸுக்கும் சொல்லியாயிற்று.

சஹ்லாதான் வழிவிட்டாள்.

"வேலை செய்யிற மிஷினெண்டா வச்சிருப்பம் அங்கிள். என்ட வீடுதானே, அவங்களோட நான் கதைக்கிறன். ஆனா நீங்க சொல்லி நம்பமாட்டன். வாப்பா சொல்லணும்."

"ஏன் புள்ள, நான் பொய்யனா?"

"வாவி முதலைக்குப் பிளேன்டீ குடுத்தன் எண்டு சொன்னது ஆரு?"

"சீனி போடல்லியே!"

சோதனை எளிது. கம்பைலர் தன் நிரலைத் தானே இயந்திர பாஷைக்கு மாற்றி ஒரு பிரதி தர வேண்டும். அந்தப் பிரதி அதே வேலையைச் செய்து இன்னொன்று தர வேண்டும். இரண்டும் அச்சொட்டாக ஒன்றாயிருந்தால் வெற்றி. ஒப்பிடும் நிரல் வித்தியாசம் கண்டால் புலம்பும், காணாவிட்டால் வாயே திறக்காது.

மீன்வாடியில் வாங்கிய ஐஸ் கட்டிகளை மேசை விசிறிக்கு முன்னால் அடுக்கி, காலையிலேயே தொடங்கினேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் இரண்டாவது பிரதி வந்தது. ஒப்பிட்டேன். திரை வாய் திறக்கவில்லை. நான் துள்ளிய துள்ளலில் சஹ்லா ஓடிவந்தாள்.

"வாப்பா, சரியா?"

அசனார் திரையை நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்டும் வரல்ல புள்ள. மிஷின் மௌத்தாப் பெய்த்து, உசிரில்ல."

"அசனார்! ஒண்டும் வராததுதானே சரி!"

"உன்ட கதைய வேற ஆருக்கும் சொல்லு மச்சான்."

நான் எவ்வளவோ விளக்கினேன். சஹ்லா தகப்பனின் முகத்தைத்தான் பார்த்தாள்.

மறுநாள் முனாஸ் வந்து சுத்தியலால் கழற்றினான். நான் தெருவில் நின்றேன். சுத்தியல் சத்தம் அங்கேயும் கேட்டது. அந்தக் கம்பைலர் என் மடிக்கணினியில் இன்னும் இருக்கிறது. அது ஓடுவதற்கு எங்கள் ஊரில் ஓர் இயந்திரம் இல்லை.

போன பெருநாளுக்கு அதே முன்ஹோலில், புதுச் சோபாவில் இருந்து வட்டிலப்பம் சாப்பிட்டேன். அசனாரின் மருமகன் றமீஸ் கேட்டான் என்று இந்தக் கதையைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சஹ்லாவும் சிரித்தாள்.

"அது வேலை செஞ்சிருந்தா இப்பவும் இஞ்சதான் நிண்டிருக்கும் அங்கிள். நான் விட்டிருக்க மாட்டன்."

அசனார் தட்டைக் கீழே வைத்தார்.

"செஞ்சிச்சி புள்ள," என்றார். "ரெண்டும் ஒண்டாத்தான் இருந்திச்சி. கலியாணம் குழம்பிடுமெண்டு பயந்துட்டன். அண்டைக்கு இவன் சொன்னது உண்மை."