அடி வாங்கினவர் பார்க்கிற திசை

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியதும் பைக் மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு சண்டை வேண்டும். கைச்சண்டை இல்லை, வாய்ச்சண்டை. சினிமாவில் வந்த சண்டைகளிலேயே எது பெரிது என்று தங்கை புருஷனோடு மல்லுக்கட்டினால்தான் அவனுக்குச் சாப்பிட்டது செரிக்கும். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"மாவு மில் சண்டைக்கு ஈடே கிடையாது மாப்ள. எட்டுப் பேர். மூட்டையெல்லாம் கிழிஞ்சு ஒரே வெள்ளைப் புகை. எவன் எங்க நிக்கிறான்னு தெரியல. நம்மாளு என்ன பண்றான்? எவன் இருமுறானோ அவனை அடிக்கிறான்!"

"நம்மாளுக்கு மட்டும் இருமல் வராதா மச்சான்? அவனுக்கு மூக்கு இல்லையா?"

"ஹீரோவுக்கு எதுக்கு இருமல்?"

"எனக்கு அந்த ரெண்டு கிழவங்க சண்டைதான். மாடிப்படியில நாலு அடி அடிச்சதும் ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கும். பக்கத்துல பக்கத்துல உக்காந்து இளைப்பாறிட்டு மறுபடி ஆரம்பிப்பாங்க. அதுதான் நிஜம்."

"அது சண்டையா? பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கு!"

இப்படிச் சொன்னால் போதாது என்று அண்ணன் செல்போனை டிவியோடு இணைத்து மாவு மில்லை ஓடவிட்டான். வில்லன் விட்ட அறை கூடமெல்லாம் எதிரொலித்தது. ஹீரோ மெல்லத் திரும்பி வில்லனை முறைத்தான். "இந்த முறைப்பு இருக்கே!" என்று அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டான்.

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள். "எல்லாம் சும்மா. காதோட சேத்து அறை விழுந்தா சத்தமே கேக்காது. கொய்யுனு ஒரு இரைச்சல், அவ்வளவுதான். அடி வாங்கினவங்க அடிச்சவனைப் பாக்கவும் மாட்டாங்க. யார் யார் பாத்தாங்கன்னு சுத்திப் பாப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது. துணியைச் சுருட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். சண்டை ஓடும்போது சத்தத்தைக் குறைக்கிற மனுஷனே இல்லை அவர். அண்ணன் டிவியை விட்டுவிட்டு அவரையே பார்த்தான்.

பிறந்த வீட்டில் அவள் மேல் ஒரு துரும்பு பட்டதில்லை. அப்பா ஒரு நாள்கூடக் கை ஓங்கியதில்லை. பிறகு அறையின் சத்தம் இவளுக்கு எப்படித் தெரியும்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதுவரை நல்லதாகத் தெரிந்த ஒவ்வொன்றும் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. மாப்பிள்ளை தன் தட்டைத் தானே எடுத்துப் போய்க் கழுவினார். தட்டைத்தான் கழுவுகிறாரா, செய்த பாவத்தையா? தங்கையிடம் பேசும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு அவளுடைய வலது பக்கம் போய் நின்றார். அவளுக்குப் போன் வந்தது. எப்போதும் இடது தோளில் இடுக்கிக்கொண்டு பேசுகிறவள், இன்று ஈரக் கையைத் துடைத்துவிட்டு வலது காதில் வைத்துப் பேசினாள்.

"அவளுக்குக் காதுல என்ன மாப்ள?" அண்ணன் போகிற போக்கில் கேட்பது போலத்தான் கேட்டான்.

"காதா? சளி பிடிச்சிருக்கு மச்சான். அடைச்சுக்கிச்சு." மாப்பிள்ளை சட்டைப் பையில் இல்லாத எதையோ தேடினார்.

அண்ணன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போனான். "இடது காதுல என்னம்மா?"

"குளிக்கும்போது தண்ணி போயிடுச்சுண்ணா. சரியாயிடும்."

ஒரே வீட்டில் ஒரே காதுக்கு இரண்டு காரணம். ஜன்னல் மேடையில் காதுக்கு விடுகிற மருந்து பாதி காலியாக நின்றது. இன்று நேற்று வந்த நோவு இல்லை அது. பசுத்தோல் போர்த்திய புலிக்கா என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தேன் என்று அவனுக்கு நெஞ்சு கொதித்தது. மூன்று எட்டில் கூடத்துக்கு வந்து மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தான்.

"என் தங்கச்சி மேல கை வெச்சியா?"

அத்தனை வருஷத்தில் அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையின் கண்ணாடி கீழே விழுந்தது. அவர் திருப்பித் தள்ளவில்லை. அண்ணனைப் பார்க்கவும் இல்லை. அடுக்களை வாசலைத்தான் பார்த்தார். அங்கே தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

"விடுண்ணா! அவர் இல்ல!"

அண்ணனின் பிடி தளர்ந்தது. தங்கை அவன் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"வார்டுல ஒருத்தன். அவங்கப்பாவை டாக்டர் வந்து பாக்க லேட்டாச்சுன்னு என்னை அறைஞ்சான். இருபது பேர் பாத்தாங்க. நான் கீழ விழுந்த ஃபைலைப் பொறுக்கினேன். மூணு வாரமாச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"முன்னாடி சொன்னேனே, பஸ்ஸுல ஒருத்தன் பின்னாடியே வர்றான்னு. நீ போய் அவன் பல்லை உடைச்சே. போலீஸ் வந்துச்சு, அக்கம்பக்கம் பேசுச்சு. படிப்பு நின்னு ஒரு வருஷம் வீட்டுல உக்காந்தது நான்தான். அதனாலதான் உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இவர்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

பல் உடைத்த கதையை அண்ணன் கடையில் நூறு தடவை சொல்லியிருக்கிறான். பல் விழுந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், கதை முடிந்துவிடும். தங்கை வீட்டில் உட்கார்ந்த அந்த ஒரு வருஷம் அவன் சொன்ன கதையில் ஒரு தடவைகூட வந்ததில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. குனிந்து கண்ணாடியை எடுத்தான். காதில் மாட்டுகிற கம்பி ஒன்று வளைந்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க மாப்ள."

"குடுங்க மச்சான், நிமித்திடலாம். இது நம்ம தொழில்தானே." அதை வாங்கி, வளைந்த கம்பியைத் தடவிப் பார்த்தார்.

தங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். "செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி ஆபீஸ்ல விசாரணை. அவனும் வருவான். நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் கை ஓங்கினாலும் போச்சு, என் புகார் நிக்காது. வேலையே போனாலும் போகும்."

"நானும் வரேம்மா. வாயே திறக்க மாட்டேன். ஒரு ஓரமா உக்காந்திருக்கேன். சத்தியமா."

தங்கை முதலில் புருஷனின் கசங்கிய காலரைப் பார்த்தாள். பிறகு அண்ணனின் கைகளைப் பார்த்தாள்.

"வேணாம்ணா. நீ வந்தா, நான் அவனைக் கவனிக்கிறதா, உன்னைக் கவனிக்கிறதா?"