கல்யாண மஹால் வளைவு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று செஞ்சியில் எல்லோருக்கும் தெரியும். ஜெராக்ஸ் கடைக்காரனிடம் கத்துவேன், கம்பி கட்டுகிறவனிடம் கத்துவேன். கத்தியே ஆக வேண்டிய நாள் ஒன்று வந்தது. அன்றைக்கும் கத்தினேன், தப்பான ஆள்மேல்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், மருந்துக்கடை மாடியில் என் பிளான் ஆபீஸ். பத்தொன்பது வருஷமாக வீட்டு பிளான்தான். போன வருஷம் முதல்முறையாக ஒரு நினைவு மண்டபம் வந்தது. சிங்கவரத்துப் பையன் வெற்றிவேல், ராணுவத்தில் இருந்தவன், எல்லையில் பனிச்சரிவில் போய்விட்டான். அவனுக்கு ரோட்டோரத்தில் மண்டபம் கட்ட ஒரு குழு போட்டார்கள். குழுத் தலைவர் அரிசி மில் தனகோட்டி.

முதலில் ஆபீஸுக்கு வந்தது பையனுடைய அப்பா கோதண்டராமன். மல்லாட்டைக் கடலை பிடுங்கிய மண் விரலிடுக்கில் அப்படியே இருந்தது. காது சரியாகக் கேட்காது. கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் பேச்சே. சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். செஞ்சிக் கோட்டைக்குள், கல்யாண மஹால் வளைவின் கீழே அப்பாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள்.

“கடைசி லீவுல இட்டுனு போனான் சார். ‘இன்னா நைனா, எத்தினி வருசமா வெளியிலேர்ந்தே பாக்கற, உள்ள வா’ன்னான். இந்த வளைவாட்டம் ஒண்ணு வெச்சிக் குடுங்க. கீழ அவன் படம் இருக்கட்டும்.”

என்னிடம் டிராயிங் போடுகிற அறிவுமதி அந்தப் போட்டோவை செல்போனில் படம் பிடித்துக்கொண்டாள். அவள் ஊர்க் காலனியில் டிப்ளமோ முடித்த முதல் பெண். மூன்று ஞாயிற்றுக்கிழமை டேப்பும் நோட்டுமாகக் கோட்டைக்குப் போய் அளந்து வந்தாள். நாலு தூண், மேலே கூர் வளைவு, அதற்கு மேல் மஹாலில் இருப்பதுபோல அடுக்குக் கூரை. நான் போட்டிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. அதை அவளிடம் சொல்லவில்லை.

கூட்டம் மில்லில் நடந்தது. தனகோட்டி டிராயிங்கை விரித்ததும் முகம் சுருங்கியது.

“இன்னா இன்ஜினியர் இது, மசூதி வாசலாட்டம் இருக்குது? நாட்டுக்காகச் செத்த புள்ளைக்கு நம்ம நாட்டு அடையாளம் வாணாமா?”

“தமிழ் அடையாளம்னு சொல்லுங்க” என்றார் இன்னொருவர். நாட்டு அடையாளமா தமிழ் அடையாளமா என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். வளைவு நம்முடையது இல்லை என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே கருத்து.

எனக்குத் தெரியும். அந்த வளைவு வடக்கேயிருந்து வந்து, இந்த ஊர்க் கல்லிலும் சுண்ணாம்பிலும் நின்று, நூற்றுக்கணக்கான வருஷம் ஆகிவிட்டது. இங்கே ஆட்சி செய்த ஒவ்வொருவனும் விட்டுவிட்டுப் போனது சேர்ந்துதான் செஞ்சிக் கோட்டை. அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அன்று பஸ் ஸ்டாண்டில் சரவெடி வைத்ததே தனகோட்டிதான். “இது நம்ம கோட்டை வளைவு சார்” என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவர் கட்டப்போகிற திருமண மண்டபத்துக்கு பிளான் போடும் வேலை யாருக்கு என்று அந்த வாரம்தான் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

“சாரி சார். பொண்ணு இன்டர்நெட்ல எதையோ பாத்துப் போட்டுட்டா. தப்பான டிசைன்” என்றேன். அதோடு விட்டேனா? அவள் பக்கம் திரும்பி, “அறிவிருக்கா உனக்கு? யாரு கட்டுனது, எவன் ஸ்டைலுன்னு பாக்க மாட்டியா?” என்று மில் அதிரக் கத்தினேன்.

அறிவுமதி டிராயிங்கைச் சுருட்டினாள். எதிர்த்துப் பேசமாட்டாள் என்று தெரிந்துதான் கத்தினேன். அவள் தனகோட்டி தெருப் பெண்ணாக இருந்திருந்தால் என் வாய் அவ்வளவு நீண்டிருக்காது. இதை எழுதும்போதும் கூசுகிறது. கடைசி நாற்காலியில், காதுக்குப் பின்னால் கை வைத்தபடி கோதண்டராமன் இருந்தார். அந்தக் கை மெல்ல இறங்கிச் சட்டைப்பையை மூடிக்கொண்டது.

பிறகு நானே, பக்கத்தில் இருக்கிற மண்டகப்பட்டுக் குகைக்கோயில் தூணைச் சொன்னேன். பல்லவர் தூண், தமிழ், நாடு, எல்லாம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பாறையைக் குடைந்தேன் என்று அந்தப் பல்லவ ராஜா மண்டகப்பட்டில் எழுதி வைத்திருக்கிறான். நாங்கள் செங்கல் வைத்துக் கம்பி கட்டி சிமென்ட் பூசி, அதன்மேல் கருங்கல் மாதிரி பெயின்ட் அடித்தோம்.

திறப்பு விழா அன்று தனகோட்டி எனக்குச் சால்வை போட்டு, தமிழர் கட்டடக்கலையை மீட்டெடுத்தவன் என்று மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். அறிவுமதி ஓரமாக நின்றாள். கூட்டம் கலைகிற நேரத்தில் கோதண்டராமன் என்னிடம் வந்தார். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, சற்று உரக்கவே பேசினார்.

“சார், அந்த போட்டோவ பெருசு பண்ணி வூட்டு செவுத்துல மாட்டியிருந்தன். மில்லுலேர்ந்து போனதும் கழட்டிட்டன். தப்பான எடம்னு புள்ளைக்குத் தெரியல, குந்திட்டான். நானாச்சும் யாரையாவது கேட்டிருக்கணும். வெளிய சொல்லிடாதீங்க சார். மிலிட்டரிக்காரன், பேரு கெட்டுப்பூடும்.”

கால் செருப்பைக் கழற்றி என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தனகோட்டி நாலடி தள்ளி நின்றார்.

“மாட்டுங்கய்யா. அது தப்பான எடமில்ல” என்றேன். தனகோட்டிக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற குரலில்தான் சொன்னேன்.

“இன்னா சார்?” கை காதுக்குப் போனது.

அறிவுமதி பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். “அன்னிக்கி மில்லுல கத்துனீங்களே, அத்தினி சத்தமா சொல்லுங்க சார். அது அவருக்கு நல்லா கேட்டுச்சி.”

சொன்னேன். தொண்டை நரம்பு புடைக்கச் சொன்னேன். அது நம்ம கோட்டை வளைவு, அதை அளந்து போட்டவள் இந்தப் பெண், போட்டோவில் ஒரு தப்பும் இல்லை, பொய் சொன்னது நான். தனகோட்டி திரும்பிப் பார்த்தார். மைக் செட்டுக்காரரும் வயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

கோதண்டராமன் காதிலிருந்து கையை எடுத்தார். பிறகு தூண்களைப் பார்த்தார், நடுவில் மாலையோடு இருந்த மகன் படத்தைப் பார்த்தார்.

“அப்ப இத்த எதுக்கு சார் கட்டுனீங்க?” என்றார்.