மைனா பட்ட அடி

பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஜெயராஜின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் வீட்டு நாய் மைனா தின்றுகொண்டிருக்கிற சோற்றைக்கூட விட்டுவிட்டு நொண்டி நொண்டி ஓடும். விறகுக் கட்டுக்குப் பின்னால் போய்ச் சுருண்டு படுத்து, படுத்த இடத்திலேயே மூத்திரம் பெய்துவிடும். கவரைப்பேட்டைக்குக் கிழக்கே இருந்த அந்தக் காலனியில், தண்ணீர் பிடிக்க வரும் பெண்களுக்கு இது தினப்படி வேடிக்கை.

"இன்னா ரோசம்மா, உன் புருசன் கம்பெனிக்கே காவல்காரன். திருடன் பயப்படறானோ இல்லியோ, உன் ஊட்டு நாய் நல்லா பயப்படுது" என்றாள் பக்கத்து வீட்டு மணியம்மாள்.

ரோசம்மாள் சிரிக்கவில்லை. "அது இன்னா கஸ்டப்பட்டுச்சோ, யாரு கண்டா" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

அது எழுபத்து நாலாம் வருஷம். கும்மிடிப்பூண்டி போகிற வழியில் புதிதாக வந்திருந்த இரும்புக் கம்பி ஆலையில் ஜெயராஜ் காவலாளி. அவனுடைய அப்பன் கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து செத்தவர். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் ஜெயராஜ்தான். காக்கி உடுப்பை யாரையும் தொட விடமாட்டான். தானே துவைத்துத் தானே பெட்டி போடுவான்.

மைனா அந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாற்று நட்டுவிட்டு ஏரிக்கரையோரம் திரும்பிக்கொண்டிருந்த ரோசம்மாள், பின்னங்கால் முறிந்து புதருக்குள் கிடந்த அந்தப் பெட்டை நாயைக் கூடையில் வைத்துத் தூக்கிவந்தாள். மூங்கில் சிம்பு வைத்து, பழைய புடவைக் கிழிசலால் காலைக் கட்டினாள். கால் கோணலாகக் கூடியது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததால் மைனா என்று பெயர் வைத்தாள். தெருப் பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் அது சும்மா இருக்கும். ஜெயராஜைக் கண்டால் மட்டும் நடுங்கும். காக்கி போட்ட தபால்காரர் வந்தாலும் அதே நடுக்கம்.

ரோசம்மாளுக்குப் பிள்ளை இல்லை. அந்த நாயிடம் அவள் பொறுமையாக இருந்தாள். டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கிவந்து விரல்நகம் அளவுக்கு உடைத்து முந்தானையில் முடிந்துவைத்துக்கொள்வாள். பேர் சொல்லிக் கூப்பிட்டு அது திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு. கிட்டே வந்தால் ஒரு துண்டு. உட்கார் என்றதும் உட்கார்ந்தால் ஒரு துண்டு, கூடவே "என் கண்ணு" என்று ஒரு வார்த்தை. செய்யாவிட்டால் திட்டுவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிடுவாள்.

"நாய்க்கு இன்னா கொஞ்சல்? நாலு வெச்சா தானா அடங்கும்" என்பான் ஜெயராஜ். அப்படிச் சொல்லும்போது அவன் நாயைப் பார்ப்பதில்லை. ரோசம்மாள் அதைக் கவனித்ததுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலில் ஜெபம் முடிந்து வரத் தாமதமாயிற்று. ஜெயராஜ் டூட்டி முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தினான். மைனா ஓடி ஒளிந்தது. குழாயடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனை என்னவோ செய்தது. நாயின் கழுத்தில் கயிறு போட்டு இழுத்துவந்து வேப்பமரத்தில் கட்டினான். உடுப்பைக்கூட மாற்றாமல் தடியை எடுத்துக்கொண்டான்.

"உக்காரு" என்றான். அது நடுங்கியது. தடியால் முதுகில் ஒன்று வைத்தான். "உக்காருன்றேன்ல?" இரண்டாவது அடி கோணல் காலில் விழுந்தது. மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியபோது மைனா பாய்ந்து அவன் முன்கையைக் கவ்வியது. பல் ஆழமாக இறங்கிவிட்டது.

"அடிச்சுப் போடுயா அத்த. வெறி கிறி பிடிச்சிருக்கப் போவுது" என்று யாரோ கத்தினார்கள். அவன் தடியை ஓங்குவதற்குள் ரோசம்மாள் வந்து குறுக்கே நின்றுவிட்டாள். ரத்தம் சொட்டும் கையை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார். "நாயக் கொன்னுடாதீங்க. கட்டிப் போட்டு, கை வைக்காம, சோறு தண்ணி குடுத்துப் பத்து நாள் பாருங்க. பத்து நாளும் நல்லா இருந்தா வெறி இல்லன்னு அர்த்தம். மிச்ச ஊசியை நிறுத்திடலாம். சரி, நீ அத அடிச்சியா?"

"சும்மாதான் இருந்தேன் சார். அதுவா கடிச்சிருச்சி" என்றான் ஜெயராஜ். ரோசம்மாள் அவனைப் பார்த்தாள்.

ஆலையில் விடுப்புக் கொடுத்தார்கள். தினம் ஒரு ஊசி. வயிறு கல்லு மாதிரி வீங்கி, நிமிர்ந்து உட்கார முடியாமல் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கிடந்தான். எதிரே வேப்பமரத்தடியில் மைனா. அது சோறு தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று பார்ப்பதே அவனுக்கு வேலையாகிவிட்டது. அது கொட்டாவி விட்டால்கூடப் பயந்தான். எந்த உயிரை அடித்தே கொல்லப் போனானோ, அது பிழைத்திருக்க வேண்டுமென்று இப்போது வேண்டிக்கொண்டான்.

நாலாம் நாள் ரோசம்மாள் அவனுடைய பழைய காக்கிச் சட்டை ஒன்றை நாய்க்குப் பத்தடி தள்ளித் தரையில் விரித்தாள். மைனா மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டது. சட்டைக்கும் நாய்க்கும் நடுவே பொறைத் துண்டுகளைப் போட்டுவிட்டு அவள் விலகி உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து அது ஒரு துண்டை எடுத்தது. "என் கண்ணு" என்றாள்.

பிறகு கட்டில் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "காக்கி போட்டவன் எவனோதான் இதும் கால ஒடச்சிருக்கான்யா. வாயில்லாத உயிரு. அவன் கை வெளங்காமப் போவ."

ஜெயராஜ் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான்.

"நான்தான் ரோசா."

"இன்னா?"

"பெரிய மொதலாளி வர்றாருன்னு, கேட்டாண்ட ஒரு நாயி இருக்கக் கூடாதுன்னாங்க. அடிச்சித் தொரத்துனேன். இது ஓடல. அங்கியே படுத்துக்கினு வால ஆட்டுச்சி. காலு மேல தடியப் போட்டேன். நீ கூடையில தூக்கியாந்தப்பவே எனுக்குத் தெரியும். சொல்ல வாய் வரல."

ரோசம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. கஞ்சியைக் கட்டில் ஓரத்தில் வைப்பாள், போவாள். ஊசிக்கு மட்டும் கூடவே வந்தாள். வயிற்று வலியைவிட அந்த மௌனம்தான் அவனை வாட்டியது.

ஏழாம் நாள் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பொறைத் துண்டுகளை அவன் உள்ளங்கையில் கொட்டினாள்.

"நீ குடு. நான் எவ்ளோ குடுத்தாலும் அது எங்கிட்டதான் வரும். அடிச்சவன் நீ."

"வராது ரோசா."

"வராட்டி ஒக்காந்திரு. நாத்து நடறப்ப, நல்லா நட்டேன்னு ஒரு மேஸ்திரி ஒரு வார்த்த சொல்லுவாரு. அவருக்கு ஓடி ஓடி நடுவோம். வாயத் தொறந்தா திட்டறவன் வந்தா, அவன் தல மறையற வரிக்கும்தான் நடுவோம். நமக்கே அப்படின்னா, அதுக்கு?"

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, துண்டுகளைத் தள்ளிப் போட்டான். அன்றைக்கு அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை, அவன் எழுந்து போன பிறகு வந்து தின்றது. ஒன்பதாம் நாள் அவன் பாதத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்த துண்டைக் கவ்விக்கொண்டு கயிறு எட்டும் தூரம் ஓடிப்போய்த் தின்றது. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டதை ரோசம்மாள் பார்த்தாள்.

பத்து நாள் கழிந்தது. மைனாவுக்கு ஒன்றுமில்லை. ஊசியை நிறுத்திவிட்டார்கள். "நான்தான் அடிச்சேன் சார், அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்" என்று டாக்டரிடம் ஜெயராஜ் சொன்னான்.

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சில நாள் அவன் கையிலிருந்தே பொறை வாங்கித் தின்னும். சில நாள் அவன் இருமினாலே விறகுக் கட்டுக்குப் பின்னால் போய்விடும். ஒரு வருஷமாகியும் காக்கியோடு அவனைப் பார்க்க அதனால் முடியவில்லை. அதனால் வேலை முடிந்ததும் கேட்டிலேயே உடுப்பை மாற்றி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் வீடு திரும்பினான்.

இன்னொரு முறை பெரிய முதலாளி வருவதாகச் சேதி வந்தது. கேட்டருகே மூன்று நாய்கள் படுத்திருந்தன. கூட வேலை பார்க்கும் பச்சையப்பன் தடியை எடுத்தான். ஜெயராஜ் அதை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, பொறையைக் காட்டிக் கூப்பிட்டபடியே மூன்றையும் ஏரிக்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போய் விட்டுவந்தான்.

"ரெண்டு போட்டா ஓடிடப்போவுது. இதுக்குப் போயி இம்மாம் பேஜாரா?" என்றான் பச்சையப்பன்.

"ஓடும். ஆனா அடில அது கத்துக்கறது ஒண்ணே ஒண்ணுதான்ப்பா, நம்மளக் கண்டு பயப்படறது. எனுக்கு அடிக்க ஒரு நிமிசம்தான் ஆச்சி. அந்த பயத்த எடுக்க ஒரு வருசமா ஒக்காந்துகினு கீறேன், இன்னும் எடுக்க முடியல. ஒரு உயிரு நம்ம பேச்சக் கேக்கணும்னா, அது நல்லது செய்யறப்ப பாத்து கையால எதுனா குடுக்கணும். தப்பு செய்யறப்ப தடியத் தூக்குறவன் எதயும் பழக்கல. தன்ன நம்பி வால ஆட்டுன ஒண்ண எதிரியாக்கிக்கறான்."

அன்று முழுக்க அந்தத் தடியை யாரும் எடுக்கவில்லை.