பெட்டிப் பலகைக் கொட்டகை

"திங்கக்கிழமை உங்க சந்து, மிசே மார்செல்."

டான் சோன் நாட் விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் கூட வேலை பார்க்கும் முகம்மது இதைச் சொன்னபோது, மார்செலின் பென்சில் தாளில் பாதி எழுத்தோடு நின்றது.

"எங்க சந்துல என்ன?"

"சோதனை. ஏர்போர்ட் வேலியை ஒட்டின வீடு ஒண்ணு விடாம போலீஸ்காரங்க பாக்குறாங்க. நேத்து அடுத்த சந்துல ஒருத்தன் கோழிக்கூட்டைப் பாத்துட்டு அவனையே ஜீப்புல ஏத்திட்டாங்க. கூடு முழுக்க அமெரிக்க ராணுவப் பெட்டிப் பலகையாம். ரசீது இல்லேன்னா திருட்டுச் சாமான்."

மார்செல் கோழி வளர்க்கவில்லை. ஆனால் தோட்டத்து மூலையில் ஒரு கொட்டகை நின்றது. சைக்கிளை விற்ற பிறகு காலி பாட்டிலுக்கும் எலிக்கும்தான் அது இடம். நான்கு சுவரும் பெட்டிப் பலகை. ஒவ்வொன்றிலும் அமெரிக்க ராணுவத்தின் பெயர், சாண் உயரக் கறுப்பு எழுத்தில்.

ஆறு வருஷத்துக்கு முன், 1965இல், பட்டப்பகலில் சந்தையில் வாங்கியது. அப்போது யார் ரசீது கேட்டார்கள்?

இப்போது கேட்பார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் பாரிசுக்கு விமானம். மகள் ஜெனேவியேவுக்கு அங்கே தலைப்பிரசவம். நாட்டை விட்டு வெளியேறும் அனுமதித் தாள் வட்டாரப் போலீஸ் அதிகாரியின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. திருட்டுச் சாமான் வைத்திருப்பவனுக்கு எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவான்?

சனிக்கிழமை காலை கொட்டகை முன் நின்று மனைவி மாதலேன் ஆரம்பித்தாள்.

"பிரெஞ்சு ராணுவ ஸ்டோர்ல இருவது வருஷம் குமாஸ்தா. ஒரு ஆணி குடுக்க மூணு கையெழுத்து கேப்பீங்க. இதுக்கு ஒரு ரசீது வாங்கத் தோணலையே!"

"அது சர்க்கார் ஆணி. இது நம்ம கொட்டகை."

"நல்லாச் சொன்னீங்க, போங்க. கொளுத்திடலாமா?"

"ஓடுதளத்துக்குப் பக்கத்துல புகையா? திங்கக்கிழமை வர்றவங்க இன்னிக்கே வந்துடுவாங்க."

ஒரு பலகையில் பச்சைப் பெயின்ட் அடித்துப் பார்த்தார். காயக் காயக் கறுப்பு எழுத்து மேலே வந்தது. பெயின்ட் டப்பாவை எறிந்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.

இரண்டு பலகை கழன்றதும் வேலிக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. அடுத்த வீட்டு பா ஹாய். சூப் விற்றுப் பிழைக்கும் விதவை. மூன்று வருஷம் முன்பு நடந்த புத்தாண்டுச் சண்டையில் தெருப் பக்கச் சுவர் போய், அன்றிலிருந்து கித்தான் துணிதான் அவளுக்குச் சுவர்.

"ஓங் மார்செல், அந்தப் பலகை வேணாமா?"

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க!" வாய் முந்திக்கொண்டது.

மத்தியானத்துக்குள் கொட்டகை போய்விட்டது. எழுத்தில்லாத கூரைத் தகரம் மட்டும் மிச்சம். பா ஹாய் பெரிய கிண்ணம் நிறைய சூப் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை நின்றாள். அன்று மார்செல் நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு பூசை முடிந்து திரும்பும்போது மாதலேன் சந்து முனையிலேயே நின்றுவிட்டாள்.

பா ஹாயின் புதுச் சுவர் வெயிலில் பளபளத்தது. மழைத் தண்ணீர் வழிந்தோட வசதியாக வழவழப்பான பக்கம் வெளியே. முனையில் நின்றே எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்.

"எப்படி?" வாசலில் நின்று பா ஹாய் கத்தினாள். "எழுத்தெல்லாம் ஒரே வரிசையா வர்ற மாதிரி அடிச்சேன்!"

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. சோதனை வருவதும் தெரியாது.

"அவகிட்ட சொன்னீங்களா?" மாதலேன் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எதை?"

"என்கிட்டயே நடிக்காதீங்க."

"சொன்னா வாங்கியிருக்க மாட்டா."

மாதலேன் வீட்டுக்குள் போனாள்.

சாமான் கைமாறினால் பொறுப்பும் கைமாறும் என்பது ஸ்டோரில் சட்டம். அதை அவரே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! ஆனால் வாங்குகிறவன் இன்ன சாமான் என்று அறிந்து, பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான். பா ஹாய் பலகையைத்தான் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த ஆபத்தை அவளிடம் யார் காட்டினார்கள்? அப்படியானால் அந்தச் சுவர் இப்போது யாருடையது?

சுத்தியலை எடுத்துக்கொண்டு பா ஹாய் வீட்டுக்குப் போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"ஆமா."

"என் சூப்பையும் குடிச்சீங்க."

"குடிச்சேன்."

பா ஹாய் உள்ளே போனாள். கதவு சாத்தப்படும் என்று காத்திருந்தார். இன்னொரு சுத்தியலோடு வந்தாள்.

பொழுது சாய்வதற்குள் அவருடைய தகரம் அவள் வீட்டுக்குச் சுவராயிற்று. பலகைகள் அவர் தோட்டத்துக்குத் திரும்பின. ஒவ்வொரு தகரத்தையும் அவள் தூக்கி, திருப்பி, இரண்டு பக்கமும் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் ஆணி அடிக்க விட்டாள். அவர் அவசரப்படுத்தவில்லை.

திங்கள் காலை. இரண்டு ஜீப், ஒரு லாரி.

"யாருடையது?" வட்டாரப் போலீஸ் அதிகாரி பலகைக் குவியலைக் காலால் தட்டினார்.

"என்னுடையது. சந்தையில வாங்கினேன். ரசீது இல்லை."

"எல்லாரும் சந்தையிலதான் வாங்குறீங்க. ஏன் பிரிச்சு வெச்சிருக்கீங்க? மறைக்கப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அதிகாரி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"விசாரணை முடியற வரைக்கும் என் மேசையில கிடக்குற உங்க அனுமதித் தாள் நகராது."

"எத்தனை நாளாகும்?"

"நாளா?" என்று சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பலகைகள் லாரியில் போயின. பா ஹாய் வீட்டு முன் யாரும் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் புல் வெளிறிக் கிடந்தது. மார்செல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதலேன் கடிதத் தாளும் பேனாவும் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள்.

"ஜெனேவியேவுக்கு எழுதுங்க. பிரசவத்துக்கு வர முடியாதுன்னு."

"ஏன்னு கேப்பாளே."

"கொட்டகையைப் பிரிச்சோம்னு எழுதுங்க. மிச்சத்தை என்னிக்காவது நேர்ல நான் சொல்லிக்கிறேன்."