கெய்ஸோ போன படகு

சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கறுப்பா சாம்பலா என்று கனேஷிகே யோசித்ததில், அன்று காலை ஒரு வாடிக்கையாளரின் வலது கிருதா இடதைவிட மேலே ஏறிவிட்டது. நல்லவேளை, மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். காசைக் கொடுத்து, குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

ஜப்பானின் குரே துறைமுகத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவருக்குக் கப்பல் பைத்தியம் பிடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. கனேஷிகேயின் கடை ஜன்னலில் அவர் கையாலேயே செய்த குட்டிப் போர்க்கப்பல்கள் வரிசையாக நிற்கும். உள்ளே வருபவர்களில் பாதிப்பேருக்கு முடி ஒரு சாக்கு. கப்பலில் குறை கண்டுபிடிக்கத்தான் வருவார்கள்.

அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் ஹிசானோ அம்மாவும் கோடைக் கடைசியில் உள்ளே வந்தார். மலைச்சரிவில் தனியாகக் குடியிருப்பவர். துணியில் முடிந்த ஒரு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், சண்டைக் காலத்துல ரெண்டு பேரு போற நீர்மூழ்கி ஒண்ணு இருந்திச்சே. அதைச் செஞ்சு தர முடியுமா? இதுக்குள்ள அடங்கணும்."

மூட்டையை அவிழ்த்தார். உள்ளே வெள்ளை மரப்பெட்டி. கடற்படை அனுப்பியது. அதற்குள் எலும்பும் இல்லை, சாம்பலும் இல்லை. 'கெய்ஸோ' என்று பெயர் எழுதிய காகிதச் சீட்டு மட்டும்தான்.

"அண்ணன் இப்படித்தான் வீடு வந்து சேர்ந்தாரு. போறப்ப கத்தரிச்சுக் குடுத்துட்டுப் போன முடியும் நகமும் வீட்டுல இருந்திச்சு. குண்டு விழுந்தப்போ வீட்டோட எரிஞ்சு போச்சு. பெட்டி கோயில்ல இருந்ததால தப்பிச்சது. இந்த இலையுதிர் காலத்துல ஐம்பதாவது வருஷத் திதி வருது."

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. கனேஷிகேவுக்கும் விளக்கம் தேவையில்லை. வருஷத் திதிகளில் ஐம்பதாவதுதான் கடைசி. அன்றோடு கெய்ஸோ என்று தனியாக ஒருவர் கிடையாது. பெயர் தெரியாத முன்னோர்களோடு கலந்துவிடுவார். அவருக்கென்று இனி யாரும் ஊதுவத்தி ஏற்றமாட்டார்கள். அதற்குமுன் கல்லறைக்குள் வெறும் சீட்டு இல்லாமல் ஏதாவது ஒன்று போகவேண்டும் என்பது தங்கையின் ஆசை. உடம்பு கிடைக்கவில்லை, உடம்பைக் கொண்டுபோன படகாவது போகட்டும்.

கனேஷிகே ஒப்புக்கொண்டார். அன்று பிடித்தது குழப்பம்.

வடிவம் பெரிய தொல்லை தரவில்லை. மரக்கட்டையைச் சுருட்டு மாதிரி இழைத்து, மேலே சின்னக் கோபுரம், முன்னால் குண்டு புறப்படும் இரண்டு வாய், பின்னால் பித்தளையில் விசிறி. ஒரு சாணுக்கும் குறைவான நீளம். நிறம்தான் மண்டையைக் காயவைத்தது. போர்க்கால ரகசியம் என்று அந்தப் படகை யாருக்கும் காட்டவில்லை. கிடைத்த போட்டோவெல்லாம் கறுப்பு வெள்ளை. ஒன்றில் கரியாகவும், வெயிலில் எடுத்த இன்னொன்றில் வெளிறியும் இருந்தது. பக்கத்து எதாஜிமா தீவில் நிற்கும் நிஜப் படகைப் போய்ப் பார்த்தார். அது கடலடியில் கிடந்து எடுத்தது. மேலே இருப்பது பிற்காலப் பெயின்ட். போகும்போது இருந்த குழப்பத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டு திரும்பினார்.

கப்பல் மாதிரி கட்டுவோர் சங்கத்தில் அவருடைய கூட்டாளி ஹிராகு. தபால் நிலையத்தில் வேலை, உலகத்தில் தெரியாதது எதுவுமில்லை என்று நினைப்பு.

"கறுப்புதான்யா. சந்தேகமே வேணாம்."

"போன மாசம் நீதானே சாம்பல்னு சொன்ன?"

"போன மாசம் வேற புஸ்தகம் படிச்சேன்."

கனேஷிகேயின் மனைவி தமாகி துண்டுகளை மடித்துக்கொண்டே சிரித்தாள். "ஏங்க, அந்தம்மாவையே கேட்டா என்ன? ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து தலையைப் பிய்ச்சுக்கிறீங்களே. கடையில முடி வெட்டுறதுக்குத் தலை மிச்சம் வேணாமா?"

கேட்டார். ஹிசானோ அம்மாவுக்கும் தெரியவில்லை. வேறு எதையோ சொன்னார்.

"அண்ணன் வேலையைப் பத்தி வாயே திறக்கமாட்டாரு. கடைசியா லீவுல வந்தப்போ சிவப்புப் பயறு பாயசம் ரெண்டு கிண்ணம் குடிச்சாரு. சட்டைக் காலரைத் தானே துவைச்சாரு. நான் துவைச்சது பத்தலையாம், மறுபடி துவைச்சாரு. 'பொண்ணு பார்க்கப் போறியா'ன்னு நான் கிண்டல் பண்ணேன். ஷூவைத் துடைச்சிட்டே சிரிச்சாரு. அவ்வளவு சுத்தம்."

காலருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கனேஷிகேவுக்குப் புரியவில்லை. வயதானால் பேச்சு இப்படி வழிமாறும் என்று நினைத்துக்கொண்டார். கடைசியில் கறுப்பையே அடித்தார்.

சங்கத்துக்காரர்களுக்கு வண்ணம் அடித்ததோடு வேலை முடிவதில்லை. அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை: அழுக்காக்குவது. புதிதாகப் பளபளத்தால் பொம்மை என்று சிரிப்பார்கள். கனேஷிகே அதில் கைதேர்ந்தவர். பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து, ஒவ்வொரு ஆணியின் கீழும் துரு வழிந்ததுபோல் இழுத்தார். ஸ்பாஞ்சு நுனியால் ஒற்றிப் பெயின்ட் பெயர்ந்ததுபோல் காட்டினார். அடிவயிற்றில் பாசி, கோபுரத்தைச் சுற்றி உப்புப் பூத்த வெள்ளை. இத்தனை நாளில் குழப்பமில்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான். கைக்குத் தெரிந்திருந்தது.

"யப்பா! இப்பதான் கடல்லேருந்து தூக்கின மாதிரி இருக்கே. இதுக்குப் பரிசு குடுக்கலேன்னா சங்கத்தைக் கலைச்சிடலாம்" என்றார் ஹிராகு. இது பரிசுக்குப் போவதில்லை, மண்ணுக்குள் போவது என்பதை அந்த நிமிஷம் இருவருமே மறந்திருந்தார்கள்.

கடை விடுமுறையான திங்கட்கிழமை ஹிசானோ அம்மா வந்தார். கனேஷிகே படகை வெல்வெட் துணிமேல் வைத்தார். அம்மா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து, நுனியை நாக்கில் நனைத்து, படகின் விலாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அம்மா, அது அழுக்கில்லீங்க. நான் வரைஞ்சது."

"நீங்களா?" அவர் கை நின்றது. "எதுக்கு?"

"கப்பல்னா அப்படித்தாங்க இருக்கும். கடல்ல கிடந்து, உப்புக் காத்துப் பட்டு…"

"எத்தனை தடவை கடலுக்குப் போச்சு இது?"

கனேஷிகே வாயைத் திறந்தார். பதில் அவருக்குத் தெரியும். சங்கத்தில் யார் கேட்டாலும் தூக்கத்திலும் சொல்வார். பெரிய நீர்மூழ்கியான தாய்க்கப்பலின் முதுகில் கட்டிக் கொண்டுபோய், தென்கடலில் அவிழ்த்துவிட்டார்கள். போனது போனதுதான்.

"ஒரு தடவை" என்றார்.

அம்மாவின் முகத்தில் இப்போது வேறொரு குழப்பம் ஏறியது.

"அப்படின்னா, துருப்பிடிச்ச படகையா அண்ணனுக்குக் குடுத்தாங்க? அதனாலதான் திரும்பி வரலியா? இத்தனை வருஷமா புதுசுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"இல்லீங்கம்மா. இல்ல. அது நான் சும்மா…" என்றார் கனேஷிகே. சும்மா என்ன? தன் கைத்திறமையைக் காட்ட, தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் வரைந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"திதிக்குள்ள சரிபண்ணிக் கொண்டாறேன்" என்று மட்டும் சொன்னார்.

விஷயம் கேட்டு ஹிராகு கொதித்தார். "அதென்ன பேச்சு? தாய்க்கப்பல் முதுகுல எவ்வளவு தூரம் தண்ணிக்குள்ள போயிருக்கு! துரு இல்லாமலா இருந்திருக்கும்? ஒரு கிழவி சொல்றான்னு பொய்யான படகைச் செய்வியா?"

"இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். நீ பார்த்தியா?"

"நீ பார்த்தியா?"

"நானும் பார்க்கல. அப்புறம் எந்தத் தைரியத்துல அதை வரைஞ்சேன்?"

ஹிராகு முணுமுணுத்துக்கொண்டே தேநீரைக் குடித்தார். கனேஷிகே உப்புத்தாளை எடுத்துத் தன் ஆயுளிலேயே அழகாக வரைந்த துருவைத் தேய்த்தார். கை கூசியது. தேய்க்கத் தேய்க்க, சரிசெய்கிறோமா அழிக்கிறோமா என்று புரியவில்லை. கெய்ஸோ அந்தப் படகின் வாசலில் இறங்கும்போது, சட்டையில் துரு படாமலிருக்க உடம்பை ஒடுக்கினாரா? அல்லது புதுப் பெயின்ட் வாடைதான் மூக்கில் ஏறியதா? காலரை இரண்டு முறை துவைத்தவர் என்பது மட்டும்தான் உறுதியாகத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரே சீராகக் கறுப்பை அடித்தார். காய்ந்ததும் இன்னொரு பூச்சு.

திதியன்று கோயில் மலைச்சரிவில் சீமைப்பனிச்சை மரங்களில் பழுத்த ஆரஞ்சு நிறப் பழங்கள் தொங்கின. சடங்குக்கு வந்திருந்தவர்கள் மொத்தமே குருவும் அம்மாவும் கனேஷிகே தம்பதியும்தான். மந்திரம் முடிந்து கல்லறையின் அடிக்கல்லை நகர்த்தினார்கள். கனேஷிகே படகை இரண்டு கைகளாலும் நீட்டினார். ஜன்னலில் வைத்தால் சங்கத்துக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். கடையில் வாங்கிய பொம்மை மாதிரிப் பளபளத்தது.

ஹிசானோ அம்மா சட்டைக்கைக்குள் செருகியிருந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். படகின் மூக்கிலிருந்து விசிறிவரை மெதுவாகத் துடைத்தார். திருப்பி அடிவயிற்றையும் துடைத்தார். பிறகு கைக்குட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். அதில் ஒன்றுமே ஒட்டவில்லை.

"பாருங்க மாஸ்டர்" என்று அதை அவர் முகத்தருகே காட்டினார். "அண்ணன் கண்ணுல இது பட்டா ஒரு குறையும் சொல்லமாட்டாரு."

படகை வெள்ளை மரப்பெட்டிக்குள் வைத்து, பெயர்ச் சீட்டைக் கோபுரத்தின்மேல் மடித்து வைத்து, பெட்டியை மூடினார். கனேஷிகே அதைக் கல்லறைக்குள் இறக்கினார்.

கல்லை மறுபடி நகர்த்தும்போது அம்மா அவர் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அப்ப நிஜமாவே புதுசாத்தானே குடுத்திருப்பாங்க?"

கனேஷிகேவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

"புதுசுதாம்மா" என்றார்.