சந்திப்பு நடந்ததா?

மூன்றாவது மாடியில், சாத்தியிருந்த கதவுக்கு வெளியே களப்பணியாளர் காலை நீட்டி உட்கார்ந்தாள். உள்ளே லிஃப்ட் மெக்கானிக் தாழ் போட்டுக்கொண்டு கிடந்தான். மருத்துவர், நர்ஸ், இவள் என்று மூன்றே பேர் கொண்ட மனநலக் குழு பார்த்துவரும் நூற்றுப்பத்துப் பேரில் அவனும் ஒருவன். மூன்று நாளாக மாத்திரையைத் தொடவில்லை, கண் மூடவுமில்லை என்று அவனுடைய அக்கா சலவைக்கூடத்து வேலைக்குப் போகிற வழியில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அலுவலகம் கொடுத்த கைபேசியில் புதுச் செயலி கேட்டது: சந்திப்பு நடந்ததா? 'ஆம்' என்றால் நோயாளியைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். 'இல்லை' என்றால் அடுத்த தேதி தானாக விழும், பதினான்கு நாள் தள்ளி. கதவு திறக்காத வீட்டுக்கும் ஒரு கட்டம் வையுங்கள் என்று செயலியை வடிவமைத்தவனிடம் அவள் முன்பே சொல்லிப் பார்த்திருந்தாள். "நல்ல பாயின்ட் மேடம். அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்" என்று குறித்துக்கொண்டு போனான்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"தம்பி, நான்தான். திறக்கல்லாம் வேணாம். நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்."

முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"உங்க லிஃப்ட் ரெண்டாவது மாடியிலயே நின்னுடுது. மூணு மாடியும் படி ஏறி முட்டி கழண்டுடுச்சு."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "டோர் கான்டாக்ட்ல தூசி அடைச்சிருக்கும்."

"எனக்கென்னப்பா தெரியும். நீ வந்து பாத்தாத்தான் உண்டு."

"வெளிய வந்தா புடிச்சிட்டுப் போயிடுவாங்க."

"யாரு? இங்க நான் ஒருத்திதான். என்னால ஒரு பூனையக்கூடப் புடிக்க முடியாது."

தாழ் விலக ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான், உதடு வெடித்திருந்தது. அவள் படம் எடுக்கவில்லை. நர்ஸை வரவழைத்தாள். மதியம் அவன் தன் காலாலேயே நடந்து மருத்துவரிடம் போனான்.

மாதக் கூட்டத்தில், திரையில் மருத்துவர் பச்சை, நர்ஸ் பச்சை, அவள் மட்டும் சிவப்பு.

"ஒரே இடத்துல நூத்தஞ்சு நிமிஷம் சும்மா இருந்ததாக் காட்டுது. நாலு வீடு விட்டுப்போச்சு" என்றார் மேற்பார்வையாளர்.

"இவங்க இல்லேன்னா அவன் வந்தே இருக்க மாட்டான் சார்" என்றாள் நர்ஸ்.

"அப்ப அத ஆப்ல போட்டிருக்கணும்."

"எந்தக் கட்டத்துல சார்?" என்று களப்பணியாளர் கேட்டாள்.

அவர் அடுத்த பெயருக்குப் போனார்.

மறுவாரம் அவளை நேர மேலாண்மைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கைபேசிகளை வாங்கி முன்மேசையில் ஒரு தட்டில் வைத்தார்கள். அரை மணியில் தட்டு அதிர்ந்தது. முன்வரிசையிலிருந்த அவளுக்குத் திரையில் பெயர் தெரிந்தது: மெக்கானிக்கின் அக்கா. வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை.

களப்பணியாளர் எழுந்தாள்.

"இன்னும் பத்தே நிமிஷங்க, முடிச்சிடலாம்" என்று பயிற்சியாளர் சிரித்த முகமாகச் சொன்னார். பிறகு, சத்தம் கேட்காமலிருக்க, கைக்குட்டையை நாலாக மடித்துத் தட்டுக்கு அடியில் வைத்தார்.