உட்கார்ந்த கட்டை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. புகைகூட விடாமல் ஒளிந்திருந்த ஒரு நெருப்பின் கதை சொல்கிறேன்.

அக்கா நீட்டிய தட்டை வாங்கிக்கொண்டு முக்காலியில் உட்காரப் போன தங்கை, பாதியில் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குக் காட்டு இலாகாவில் தீக்காவல் வேலை. நான்கு நாளாக ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. அக்கா வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சரிவில் பன்னிரண்டு வருஷமாகத் தீயே அண்டவில்லை. நான்தான் அண்டவிடவில்லை என்று மார்தட்டிக்கொண்டவளும் இவளே. கடைசியில் பார்த்தால் சருகு முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. விழுகிற விதைக்கு மண் எட்டவில்லை. ஒரு பொறி விழுந்தால் மர உச்சிவரை ஏறும், வீடும் மிஞ்சாது. காற்றில்லாத ஈரக் காலையாகப் பார்த்து நாமே அளவாக எரித்துவிடலாம் என்று போன வாரம் அக்காவிடம் கெஞ்சியிருந்தாள்.

"நீ சொல்றேன்னுதான் தலையாட்டுறேன். வீட்டுக்கு ஒண்ணு ஆச்சு, அப்புறம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

நான்கு நாளுக்கு முன், திங்கட்கிழமை எரித்தார்கள். சரிவுக்கும் வீட்டுக்கும் நடுவே எட்டடி அகலத்துக்கு வெறும் மண் தெரியச் சுரண்டிய தடம். தீ அதுவரை வந்து சாதுவாகப் படுத்துக்கொண்டது. பிறகு அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தோண்டி, தண்ணீர் ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். பதினான்கு கட்டைகள். "இன்னும் தடவுனீங்கன்னா கட்டைக்கே வெட்கம் வந்துடும், கிளம்புங்க" என்றான் கூட வேலை செய்யும் வாயாடி.

இப்போது முக்காலியைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. கட்டை பதினைந்து. தடத்தை ஒட்டி இருந்த அந்த ஒன்றின்மேல் உட்கார்ந்துதான் எல்லாரும் சாப்பிட்டார்கள். தண்ணீர்க் கேனையும் அதன்மேல்தான் வைத்தார்கள். உட்காரும் இடமாகிப் போனதால் அது யார் கண்ணுக்கும் கட்டையாகத் தெரியவில்லை. சூடாகத்தான் இருந்தது, வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

தட்டை வைத்துவிட்டு மண்வெட்டியோடு ஓடினாள். மத்தியானத்திலிருந்தே காற்று ஏறிக்கொண்டிருந்தது. கருகிய சரிவில் அதற்குள் ஊசி ஊசியாகப் புல் முளைத்திருந்ததை அவள் பார்க்கவில்லை. கட்டையின் அடியில் புறங்கையை வைத்தாள், சுட்டது. தடத்தில் வைத்தாள், சுட்டது. தடம் தாண்டி, எரியாத காய்ந்த புல்லை விலக்கி மண்ணைத் தொட்டாள்.

அக்கா குடத்தோடு மூச்சிரைக்க வந்தாள். "பேயடிச்ச மாதிரி எங்கடி ஓடுற?"

"அக்கா, வேருக்குள்ள தணல் ஓடுது. தடத்தைத் தாண்டிடுச்சு."

"எதுவரைக்கும்?"

"தெரியல. நான்தான் பார்க்காம விட்டுட்டேன்."

அக்கா தங்கையின் முகத்தையே பார்த்தாள். தலையாட்டியபோது அவள் சொன்ன வார்த்தை இருவருக்கும் நடுவே நின்றது. பிறகு குடத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

"நீ வெட்டி ஊத்திக்கிட்டே வா. கை வைக்கக் குனிஞ்சா நேரமாகும். நான் காலால பார்க்குறேன்."

தங்கை வேரைப் பிடித்துத் தோண்டிக்கொண்டே வந்தாள். அக்கா வெறுங்காலோடு அவளுக்கு முன்னால், தன் வீட்டைப் பார்த்து ஓரடி வைத்தாள்.

"இங்க சுடுது."

இன்னோர் அடி.

"இங்கயும்."

கொடியில் காய்ந்த துணிகளெல்லாம் வீட்டுப் பக்கமாகவே படபடத்தன. அக்கா அடுத்த அடிக்குக் காலைத் தூக்கினாள்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு நெருப்பு அடுப்பைத் தாண்டாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் பாதம் குளிர்ந்த மண்ணிலேயே படட்டும்.